டெபிட், கிரெடிட்: ஒரே பணம் வங்கித்தாளில் ஒரு பக்கம், நம் பேரேட்டில் எதிர்ப்பக்கம். எப்படி விளக்குவது?

சங்கப் பொருளாளர், சாட்ஸ்வொர்த்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் கோயில் சங்கங்களில் புதிதாகக் கணக்கெழுத வருபவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. பத்துப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. டெபிட், கிரெடிட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை முதல் பக்கத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும். அந்த முதல் பக்கத்துக்காகத்தான் இந்த இழை.

சிக்கல் இதுதான். பக்தர் ஒருவர் 500 ராண்ட் இஎஃப்டி (வங்கிவழி மின்னணுப் பணமாற்று) அனுப்புகிறார். வங்கி ஸ்டேட்மென்டில் அது கிரெடிட். நம் பேரேட்டின், அதாவது தலைப்புவாரியாகக் கணக்கெழுதும் ஏட்டின், வங்கிக் கணக்கில் அதே 500 டெபிட். இரண்டும் சரி. ஆனால் புதியவர் "பணம் வந்தால் கிரெடிட் என்று வங்கியே சொல்கிறதே" என்று ஏட்டிலும் கிரெடிட் போட்டுவிடுகிறார்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு என்று இருக்கிறது. அதை எடுத்தால் குழப்பம் கூடுகிறது. பணம் உள்ளே வந்திருக்கிறது, பெயரோ பற்று. பணம் வெளியே போகிறது, பெயரோ வரவு. எல்லா இடத்திலும் பொருந்துகிற ஒரே விளக்கம் உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இடது வலது, பீனிக்ஸ்

பொருள் தேடாதீர்கள் ஐயா. டெபிட் என்றால் கணக்கின் இடப்பக்கம், கிரெடிட் என்றால் வலப்பக்கம். அவ்வளவே. சொத்தும் செலவும் இடப்பக்கம் கூடும்; கடன் பொறுப்பும் பொதுநிதியும் வருமானமும் வலப்பக்கம் கூடும். குறைந்தால் எதிர்ப்பக்கம். இந்த ஐந்தை மனப்பாடம் செய்தவருக்கு வேறெதுவும் வேண்டாம். கையேட்டின் முதல் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு இந்த ஐந்தையும் எழுதிவிடுங்கள்.

பழைய பேரேடு, டர்பன்

இடது வலது தம்பி சொன்னது தவறில்லை. ஆனால் மனப்பாடம் ஆறு மாதத்தில் கழன்றுவிடும். பொருள் பிடிபட்டால் கழலாது. அந்தப் பொருள் தமிழ்ச் சொற்களிலேயே இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

முதலில் ஆங்கிலச் சொற்கள். இரண்டுக்கும் வேர் லத்தீன். டெபிட்டின் வேர்ச்சொல்லுக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள். கிரெடிட்டின் வேர்ச்சொல்லுக்கு நம்புதல், நம்பி ஒப்படைத்தல் என்று பொருள். 1494இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி இந்த இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு தொகையையும் ஒரு கணக்கில் டெபிட்டாகவும் மற்றொன்றில் கிரெடிட்டாகவும் எழுதுவதை, விளக்கினார். அவர் கண்டுபிடித்ததல்ல; வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே எழுதிவந்த முறை. அந்த ஏடுகளின் அடித்தளம் ஆட்களின் பெயரில் உள்ள கணக்குகள்: இவர் நமக்குத் தர வேண்டியவர், இவர் நம்மை நம்பித் தந்தவர். தர வேண்டியவர் டெப்டர், நம்பித் தந்தவர் கிரெடிட்டர். பழைய ஆங்கிலப் பேரேடுகளில் தலைப்பாக நின்றவை இந்த இரண்டு பெயர்களே. டெபிட்டின் சுருக்கத்தில் 'டி' எழுத்துக்குப் பிறகு 'ஆர்' எழுத்து வருகிறதே, டெபிட் என்ற சொல்லில் அந்த 'ஆர்' கிடையாது. டெப்டரில் உண்டு.

இனி தமிழ். மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குவது என்றால் என்ன? பொருளை எடுத்துக்கொண்டு போகிறவர் பெயரில் அதை எழுதிவைப்பது. எடுத்தது பற்று. பிறகு அவர் பணம் கொண்டுவந்து கொடுத்தால் அவர் பெயரில் வரவு வைப்பார்கள். அவரிடமிருந்து வந்தது வரவு. இங்கே வரவு என்பது நம் லாபமல்ல, நம் வருமானமும் அல்ல. அந்தப் பெயரிடமிருந்து வந்தது என்பது மட்டுமே.

ஆகவே நீங்கள் கேட்ட ஒரே விளக்கம்: எந்தக் கணக்கின் தலைப்பைப் பார்க்கிறோமோ, அது எடுத்துக்கொண்டது பற்று, அதனிடமிருந்து வந்தது வரவு.

500 ராண்டுக்கு வைத்துப் பாருங்கள். நம் பேரேட்டில் வங்கி என்ற தலைப்பு. பணத்தை வாங்கி வைத்துக்கொண்டது வங்கி. எனவே வங்கிக்குப் பற்று 500. யாரிடமிருந்து வந்தது? நன்கொடை என்ற தலைப்பிலிருந்து. எனவே நன்கொடைக்கு வரவு 500. இப்போது வங்கியின் ஏட்டைத் திறங்கள். அங்கே தலைப்பு உங்கள் சங்கத்தின் பெயர். வங்கிக்குப் பணம் வந்தது சங்கம் என்ற அந்தப் பெயரிடமிருந்து. எனவே சங்கத்துக்கு வரவு. ஸ்டேட்மென்ட் என்பது வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயருள்ள பக்கத்தின் நகல். உங்கள் ஏட்டின் நகல் அல்ல. இதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சங்கப் பொருளாளர், சாட்ஸ்வொர்த்

நன்றி ஐயா. செலவுக்கும் இது பொருந்துமா? பூக்கடைக்கு 350 ராண்ட் வங்கியிலிருந்து போனால்?

பழைய பேரேடு, டர்பன்

பொருந்தும். பூச்செலவு என்ற தலைப்பு 350ஐ எடுத்துக்கொண்டது, அதற்குப் பற்று. வங்கியிடமிருந்து வந்தது, அதற்கு வரவு. வங்கித்தாளில் சங்கம் 350ஐ எடுத்துக்கொண்டது, எனவே சங்கத்துக்குப் பற்று, அதாவது டெபிட்.

பன்னிரண்டாம் வகுப்பு, லேனேசியா

எனக்கு ஒரு சந்தேகம். சொத்து நல்லது, செலவு கெட்டது. இரண்டும் எப்படி ஒரே டெபிட் பக்கத்தில் இருக்க முடியும்? கிரெடிட் பக்கத்திலும் அப்படித்தான், வருமானமும் கடனும் ஒன்றாக நிற்கின்றன.

தணிக்கை மேசை, ஜொஹானஸ்பர்க்

நல்ல கேள்வி அம்மா. டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது. கிரெடிட் பக்கம், பணம் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்கிறது. கடனாகக் கிடைத்திருக்கலாம், நன்கொடையாகக் கிடைத்திருக்கலாம், இரண்டும் கிடைத்த வழிகள். டெபிட் பக்கம், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறது. பாத்திரமாகப் போயிருக்கலாம், அரிசியாகப் போயிருக்கலாம். பாத்திரத்தில் பயன் இன்னும் மிச்சமிருக்கிறது, எனவே சொத்து. அரிசி அன்னதானத்தோடு தீர்ந்தது, எனவே செலவு. பயன் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு.

சொத்து மெல்ல மெல்லச் செலவாக மாறுவதையும் இதே பக்கத்தில் பார்க்கலாம். 6,000 ராண்டுக்கு வாங்கிய பெரிய அண்டா ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தால், ஆண்டுக்கு 1,200 தேய்மானம். தேய்மானச் செலவுக்கு டெபிட் 1,200. திரண்ட தேய்மானத்துக்கு கிரெடிட் 1,200. திரண்ட தேய்மானம் சொத்துகளோடு நின்றாலும் கிரெடிட் மீதி காட்டும். அண்டாவின் மதிப்பைக் குறைப்பதுதான் அதன் வேலை. தேர்வில் நிறையப் பேர் தடுமாறும் இடம் இது.

உங்கள் பாடத்தில் வரும் சமன்பாடு: சொத்து = உரிமையாளர் முதல் + கடன் பொறுப்பு. பரிவர்த்தனையைப் பகுக்கும் அட்டவணையில் எந்தக் கணக்கு டெபிட், எந்தக் கணக்கு கிரெடிட் என்று எழுதியபின் மூன்று பத்தியிலும் கூட்டல், கழித்தல், பூஜ்யம் போடச் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது: அந்தக் கூட்டல் குறிக்கும் டெபிட்டுக்கும் உறவில்லை. கடன் வாங்கினால் சொத்தும் கூடும், கடனும் கூடும். இரண்டு கூட்டல், ஒன்று டெபிட், மற்றது கிரெடிட்.

இடது வலது, பீனிக்ஸ்

பழைய பேரேடு ஐயா விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் தமிழ்ச் சொற்களைக் கையேட்டில் வைக்கவே கூடாது என்பேன். காரணம் வரவு என்ற சொல். வீட்டிலும் சங்கத்திலும் வரவு செலவு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய காது. வரவு என்று கேட்டதும் பணம் உள்ளே வந்தது என்றே எடுத்துக்கொள்ளும். அதை மாற்ற முடியாது. டெபிட், கிரெடிட் என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் அந்தப் பழைய நினைவு குறுக்கே வராது.

தமிழ் வகுப்பு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இங்கே இரண்டு தனித்தனி இணைகள் கலந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால் சண்டையே இல்லை.

ஒன்று, வரவு செலவு. இது ரொக்கத்தைப் பற்றியது. பெட்டிக்குள் வந்தது, பெட்டியை விட்டுப் போனது. வரவின் எதிர்ச்சொல் செலவு.

மற்றொன்று, பற்று வரவு. இது பெயர்களைப் பற்றியது. ஒருவர் எடுத்தது, அவரிடமிருந்து வந்தது. வரவின் எதிர்ச்சொல் பற்று. "அவரோடு எனக்குப் பற்று வரவு உண்டு" என்றால் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று பொருள். இலங்கையில் ரசீதைப் பற்றுச்சீட்டு என்பார்கள், பெற்றுக்கொண்டதற்கான சீட்டு. பற்றுக்குப் பெற்றுக்கொள்ளுதல் என்ற பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டு இணையிலும் வரவு என்ற சொல் பொதுவாக நிற்பதால்தான் தடுமாற்றம். வரவு செலவு ஏட்டில் உண்டியல் பணம் 'வரவு' என்ற பத்தியில் இருக்கும். அதை இரட்டைப் பதிவுக்கு மாற்றும்போது ரொக்கக் கணக்கில் அது 'பற்று' ஆகிவிடும், உண்டியல் காணிக்கைக் கணக்கில் 'வரவு' ஆகும். சங்கத்தில் கையால் எழுதும் ஏட்டைக் கணினிக்கு ஏற்றுபவர்கள் வரவுப் பத்தியை அப்படியே கிரெடிட் பத்தியில் ஒட்டிவிடுவது இதனால்தான். மொத்த ஆண்டும் தலைகீழாகிவிடும்.

எனவே கையேட்டில் பற்று வரவு வேண்டும், அதற்கு முன்பே இந்த இரண்டு இணைகளையும் பிரித்துக் காட்டும் ஒரு பத்தியும் வேண்டும். தமிழ்ச் சொல்லை எடுத்துவிடுவது தீர்வல்ல. எடுத்தாலும் படிப்பவர் மனத்தில் அந்தச் சொல் இருக்கத்தான் செய்யும். விளக்கமில்லாமல் இருக்கும், அவ்வளவுதான்.

இடது வலது, பீனிக்ஸ்

பிரித்துக் காட்டும் பத்தி இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டவணைத் தலைப்பில் டெபிட், கிரெடிட் என்றே இருக்கட்டும். தணிக்கைக்குப் போகும் தாள் ஆங்கிலத்தில்தான் போகிறது, மென்பொருளும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

தணிக்கை மேசை, ஜொஹானஸ்பர்க்

தலைப்பு எந்த மொழியில் இருந்தாலும் பக்கம் மாறினால் என்ன ஆகும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கையேட்டில் சேர்க்கவும். மூன்று வகை.

பதிவின் ஒரு பாதி மட்டும் பக்கம் மாறினால் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் மீதிகளும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) இடிக்கும், அதுவும் இரட்டிப்பாக இடிக்கும். வித்தியாசம் 900 என்றால் பாதியாக்கி 450 என்ற தொகையைத் தேடுங்கள். 450 ராண்ட் டெபிட்டாக வேண்டியது கிரெடிட்டில் உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்றும் பாருங்கள்: 5,370ஐ 5,730 என்று எழுதினால் 360 இடிக்கும். 900உம் ஒன்பதால் வகுபடும், எனவே இரண்டு சோதனையையும் செய்ய வேண்டும்.

மோசமானது மூன்றாவது: இரண்டு பாதியும் சேர்ந்தே புரண்டுவிடுவது. நன்கொடை 500க்கு வங்கி கிரெடிட், நன்கொடை டெபிட் என்று எழுதிவிட்டால் இருப்பாய்வு அழகாகச் சமமாக நிற்கும். எந்தக் கூட்டலும் காட்டிக்கொடுக்காது. இதைப் பிடிக்க இரண்டு வழிதான். வருமானக் கணக்குகளைக் கண்ணால் ஓட்டி, எங்கேயாவது டெபிட் வரி இருக்கிறதா என்று பார்ப்பது. அல்லது வங்கி ஒத்திசைவு, அதாவது வங்கித்தாளை நம் ஏட்டோடு ஒப்பிடுவது; அங்கே சரியாக 1,000 இடிக்கும், தவறிய தொகையின் இரட்டிப்பு.

திருத்தும்போது 1,000க்கு ஒரே பதிவு போட்டு முடித்துவிடலாம், கணக்கு நேராகும். நான் பரிந்துரைப்பது இரண்டு பதிவு: முதலில் தவறான 500ஐ அப்படியே எதிர்ப்பதிவால் அழிப்பது, பிறகு சரியான 500ஐ எழுதுவது. பின்னால் பார்ப்பவருக்கு 1,000 ராண்ட் நன்கொடை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழாது.

மென்பொருளிலிருந்து எக்செல்லுக்கு எடுத்தால் பெரும்பாலும் டெபிட் கூட்டலாகவும் கிரெடிட் கழித்தலாகவும் வரும். முழுப் பத்தியையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வருமானம் கழித்தலில் நிற்பதைக் கண்டு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பு, லேனேசியா

வங்கி ஒத்திசைவில் "கிரெடிட் பேலன்ஸ்" என்று தொடங்கி "டெபிட் பேலன்ஸ்" என்று முடிப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. நடுவில் வரும் வரிகள் எதன் பார்வையில்?

பழைய பேரேடு, டர்பன்

வங்கியின் பார்வையில். கடைசி வரி மட்டும் நம் பார்வை. எண்ணோடு பார்ப்போம்.

வங்கித்தாளில் மீதி: கிரெடிட் 18,400.
நாம் ஏட்டில் எழுதிவிட்டோம், வங்கித்தாளில் இன்னும் வராத டெபாசிட்: கிரெடிட் 2,600.
நாம் எழுதிவிட்டோம், வங்கித்தாளில் இன்னும் வராத இஎஃப்டி: டெபிட் 1,500.
நம் பேரேட்டில் வங்கிக் கணக்கின் மீதி: டெபிட் 19,500.

கிரெடிட் பத்தியில் 18,400 கூட்டல் 2,600 ஆக 21,000. டெபிட் பத்தியில் 1,500 கூட்டல் 19,500 ஆக 21,000. இரண்டு பத்தியும் சமம். நடு வரிகளில் "வங்கி இதைப் பார்க்கும்போது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். டெபாசிட் வந்துசேர்ந்தால் வங்கி நமக்கு கிரெடிட் செய்யும். இஎஃப்டி போனால் டெபிட் செய்யும். பழைய வினாத்தாள்களில் இஎஃப்டி இடத்தில் காசோலை இருக்கும். 2020 முடிவோடு தென்னாப்பிரிக்காவில் காசோலை நின்றுவிட்டது, ஆனால் கணக்கின் வழி அதேதான்.

இந்த அட்டவணைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வங்கித்தாளில் மட்டும் இருப்பவை, அதாவது வங்கிக் கட்டணம், வட்டி, டெபிட் ஆர்டர், நேரே வந்த நன்கொடை ஆகியவற்றை முதலில் ரொக்க வரவுக் குறிப்பேட்டிலும் ரொக்கச் செலவுக் குறிப்பேட்டிலும் ஏற்றிவிட வேண்டும். பிறகுதான் பேரேட்டு மீதி. வரிசை மாறினால் ஒத்திசைவே வராது.

மீதி எதிர்மாறாக இருந்தால், அதாவது ஓவர்டிராஃப்ட் (இருப்பைவிடக் கூடுதலாக எடுத்தது) என்றால், வங்கித்தாளில் டெபிட் மீதி, நம் ஏட்டில் கிரெடிட் மீதி. அப்போது வங்கி நம் கடன்காரர்.

சங்கப் பொருளாளர், சாட்ஸ்வொர்த்

ஐயா, "நம் கடன்காரர்" என்றால் நாம் அவருக்குத் தர வேண்டுமா, அவர் நமக்குத் தர வேண்டுமா? தமிழில் இரண்டுக்கும் சொல்கிறார்களே.

தமிழ் வகுப்பு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. கடன்காரர் என்ற சொல்லைக் கையேட்டில் தவிர்க்கவும். பேச்சில் கடன் வாங்கியவரையும் சொல்வார்கள், வாசலில் வந்து கேட்பவரையும் சொல்வார்கள். பாடநூல் சொற்கள் தெளிவானவை: நமக்குத் தர வேண்டியவர் கடனாளி, நாம் தர வேண்டியவர் கடனீந்தோர். ஓவர்டிராஃப்டில் வங்கி நமக்குக் கடனீந்தோர். கடனாளி என்றதும் தாழ்வாகத் தோன்றும். ஆனால் நம் ஏட்டில் கடனாளிகள் நம் சொத்து, டெபிட் மீதி.

ரசீதுக் கட்டு, உம்லாங்கா

ஏட்டை விட்டு வெளியே வந்தால் இந்த இரண்டு சொற்களும் எங்கெல்லாம் எதிரெதிராக நிற்கின்றன என்பதையும் சேருங்கள். மக்கள் அன்றாடம் மோதுவது அங்கேதான்.

டெபிட் ஆர்டர். காப்புறுதி நிறுவனமோ ஜிம்மோ உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானே எடுத்துக்கொள்வது. இதிலுள்ள டெபிட் வங்கி ஏட்டின் டெபிட். நம் ஏட்டில் அதே பதிவு வங்கிக்கு கிரெடிட், காப்புறுதிச் செலவுக்கு டெபிட். பெயரைப் பார்த்து வங்கிக்கு டெபிட் போட்டால் மேலே சொன்ன முழுப்புரட்டல்தான். ஸ்டாப் ஆர்டர் வேறு: அதில் அனுப்பச் சொல்லி வங்கிக்குக் கட்டளையிடுவது நாம், எனவே நிறுத்துவதும் நம் கையில். டெபிட் ஆர்டரில் எடுப்பவர் எதிர்த் தரப்பு. அனுமதி மட்டும் நம்முடையது. டெபிசெக் முறையில் ஒப்பந்தம் புதிதாகத் தொடங்கும்போது வங்கியே நம்மிடம் மின்னணு ஒப்புதல் கேட்கும். அந்தச் செய்தியில் தொகையும் தேதியும் நாம் ஒப்பந்தம் போட்டதுதானா என்று பார்த்த பிறகே அழுத்த வேண்டும்.

சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித் துறை) கணக்கு. வருமான வரி மதிப்பீட்டுத் தாளில் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் பதறுகிறார்கள். அது சார்ஸின் ஏடு. வரி விதித்தால் உங்கள் பெயருக்கு டெபிட், நீங்கள் கட்டினால் கிரெடிட். கழித்தல் என்றால் கிரெடிட் மீதி, சார்ஸ் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது. குறியில்லாத தொகைதான் நீங்கள் கட்ட வேண்டியது. நகராட்சித் தண்ணீர், மின்சாரப் பில்லிலும் கிரெடிட் மீதி என்றால் கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

கிரெடிட் கார்டு. கடையில் 800 ராண்டுக்குத் தேய்த்தால் கார்டுத் தாளில் டெபிட். மாத முடிவில் கட்டினால் கிரெடிட். கிரெடிட் கார்டு என்ற பெயரிலுள்ள கிரெடிட்டுக்கு நம்பித் தரும் கடன் என்று பொருள். தாளில் வரும் கிரெடிட்டுக்கு உங்களிடமிருந்து வந்தது என்று பொருள். ஒரே சொல், ஒரே தாள், இரண்டு வேலை. கல்லாவில் "பட்ஜெட்டா, ஸ்ட்ரெயிட்டா?" என்று கேட்பது கிரெடிட் கார்டுக்கு மட்டும்: பட்ஜெட் என்றால் பல மாதத் தவணை, வட்டியோடு. டெபிட் கார்டுக்கு அந்தக் கேள்வியே இல்லை, ஏனென்றால் அங்கே கடன் இல்லை, உங்கள் பணத்திலிருந்தே உடனே கழிகிறது.

கிரெடிட் பியூரோ. நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் நிறுவனம். இங்கே முழுக்க முழுக்க நம்பிக்கை என்ற பழைய பொருள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, பதிவுபெற்ற ஒவ்வொரு கிரெடிட் பியூரோவிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை நம் அறிக்கையைக் கட்டணமில்லாமல் வாங்கலாம். நிறையப் பேர் வாங்குவதில்லை. வாங்க வேண்டும், கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாக நிற்பதை அதில்தான் பார்க்க முடியும்.

லே-பை. இது கிரெடிட் என்று நினைக்கிறார்கள். இல்லை. முழுப் பணமும் கட்டும்வரை பொருள் கடையிலேயே இருக்கிறது, கடை நம்மை நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை. நம்பி ஒப்படைப்பது நாம்தான். எனவே கடை ஏட்டில் நாம் கட்டிய தவணை நமக்கு கிரெடிட், கடைக்கு அது கடன் பொறுப்பு.

இடது வலது, பீனிக்ஸ்

கடைசிப் பத்தி மிக நல்ல எடுத்துக்காட்டு அக்கா. கிரெடிட்டின் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் தெரிகிறது.

சங்கப் பொருளாளர், சாட்ஸ்வொர்த்

இதே மாதிரி எங்கள் மண்டப வாடகை. வாடகை 2,000, திருப்பித் தரும் டெபாசிட் 1,000, மொத்தம் 3,000 ஒரே இஎஃப்டியாக வருகிறது. வங்கித்தாளில் 3,000 கிரெடிட். முழுவதையும் மண்டப வருமானம் என்று எழுதும் பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. சரியான பதிவைப் போட்டுத் தருவீர்களா?

தணிக்கை மேசை, ஜொஹானஸ்பர்க்

வாங்கும்போது: வங்கி டெபிட் 3,000. மண்டப வாடகை வருமானம் கிரெடிட் 2,000. மண்டப டெபாசிட் பொறுப்பு கிரெடிட் 1,000. இரண்டு கிரெடிட்டும் ஒரே பக்கம்தான், ஆனால் ஒன்று நம்முடையது, மற்றது திருப்பித் தர வேண்டியது.

நாற்காலி உடைந்ததற்கு 300 பிடித்துக்கொண்டு திருப்பும்போது: மண்டப டெபாசிட் பொறுப்பு டெபிட் 1,000. வங்கி கிரெடிட் 700. சேத ஈடு கிரெடிட் 300. பொறுப்புக் கணக்கு பூஜ்யமாக வேண்டும். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கில் எஞ்சும் ஒவ்வொரு ராண்டுக்கும் ஒரு பெயர் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் யாருக்கோ திருப்பித் தரவில்லை, அல்லது திருப்பியதை வாடகைச் செலவில் எழுதிவிட்டார்கள்.

பிப்ரவரி இறுதியில் கணக்காண்டு முடிக்கும் சங்கங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மார்ச்சில் நடக்கப்போகும் நிகழ்ச்சிக்குப் பிப்ரவரியிலேயே வந்த வாடகை 2,000 அந்த ஆண்டின் வருமானம் அல்ல. முன்பணப் பொறுப்பாக கிரெடிட் செய்து, நிகழ்ச்சி நடந்ததும் அந்தப் பொறுப்புக்கு டெபிட், வாடகை வருமானத்துக்கு கிரெடிட்.

ரசீதுக் கட்டு, உம்லாங்கா

பில் தொகையைத் திருத்த எழுதும் சீட்டுகளான கிரெடிட் நோட், டெபிட் நோட் இரண்டையும் கையேட்டில் விட்டுவிடாதீர்கள். அங்கே எதிர்ச்சொல் என்று நம்பிப் போனால் வழி தவறும்.

அன்னதானத்துக்கு 4,600 ராண்டுக்குக் கடனில் மசாலாப் பொருள்கள் வாங்கினீர்கள். அதில் வாட் (மதிப்புக்கூட்டு வரி) 600. 2018 ஏப்ரல் 1 முதல் வாட் 15 சதவீதம், எனவே மொத்தத்தை 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் கிடைக்கும். சங்கம் வாட்டுக்குப் பதிவு செய்யாதது என்றால் 4,600 முழுவதும் செலவு. வண்டடித்த மசாலா 1,150 ராண்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள். கடைக்காரர் கிரெடிட் நோட் தருவார். அந்தக் கிரெடிட் அவர் ஏட்டில் உங்கள் பெயருக்கான கிரெடிட். உங்கள் ஏட்டில் கடைக்காரர் கணக்குக்கு டெபிட் 1,150, அன்னதானச் செலவுக்கு கிரெடிட் 1,150. கிரெடிட் நோட் என்று மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கடைக்காரருக்கு கிரெடிட் போட்டால், கட்ட வேண்டிய 3,450 போய் 5,750 என்று நிற்கும். வித்தியாசம் 2,300, அதே இரட்டிப்பு.

பன்னிரண்டாம் வகுப்பு, லேனேசியா

எங்கள் பாடத்தில் பொருளைத் திருப்பும்போது வாங்கியவர் டெபிட் நோட் எழுதுவார், அது கடனீந்தோர் தள்ளுபடிக் குறிப்பேட்டுக்கு ஆதாரம் என்று இருக்கிறதே அக்கா.

ரசீதுக் கட்டு, உம்லாங்கா

பாடத்தில் அப்படித்தான், தேர்விலும் அப்படியே எழுது அம்மா. வாங்கியவர் தன் ஏட்டின் பார்வையில் பெயர் வைக்கிறார்: கடைக்காரரை நான் டெபிட் செய்கிறேன், எனவே டெபிட் நோட். அதே சம்பவத்துக்குக் கடைக்காரர் பார்வையில் கிரெடிட் நோட். ஒரே மசாலா மூட்டைக்கு இரண்டு பெயர்.

ஆனால் வாட் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இரண்டையும் பொதுவாக எழுதுபவர் விற்றவரே. விலை குறைந்தால் அல்லது பொருள் திரும்பினால் கிரெடிட் நோட். இன்வாய்ஸில் குறைவாகப் போட்டுவிட்டு இப்போது கூட்ட வேண்டுமென்றால் டெபிட் நோட். அந்த டெபிட் நோட் வந்தால் நீங்கள் தர வேண்டிய தொகை கூடும், உங்கள் ஏட்டில் கடைக்காரருக்கு கிரெடிட். பள்ளிப் பாடத்து டெபிட் நோட்டுக்கு நேர் எதிர் விளைவு. எனவே பொருளாளர் அண்ணா, நோட் கையில் வந்ததும் தலைப்பைப் படிக்கும் முன் அடியில் யார் கையெழுத்து, யார் முத்திரை என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் யாரோ, அந்தச் சொல் அவர் ஏட்டுக்குரியது.

சங்கப் பொருளாளர், சாட்ஸ்வொர்த்

இது போதும். முதல் பக்கத்தில் பழைய பேரேடு ஐயாவின் வாக்கியம், அதன் கீழே வரவு செலவு, பற்று வரவு இரண்டையும் பிரிக்கும் பத்தி, அட்டவணைத் தலைப்புகளில் டெபிட், கிரெடிட். இரண்டாம் பக்கத்தில் வங்கித்தாள் ஒன்றும் அதே மாதத்துப் பேரேட்டுப் பக்கமும் அருகருகே. மண்டப டெபாசிட்டுக்கும் நோட்டுகளுக்கும் தனிப் பக்கம். வரைவு முடிந்ததும் இங்கேயே ஏற்றுகிறேன்.

பழைய பேரேடு, டர்பன்

அருகருகே வைக்கும்போது வங்கித்தாளின் மேல் "வங்கியின் ஏடு, தலைப்பு: சங்கம்" என்றும், நம் பக்கத்தின் மேல் "சங்கத்தின் ஏடு, தலைப்பு: வங்கி" என்றும் எழுதுங்கள். தொகைகளை அம்புக்குறியால் இணைத்தால் ஒவ்வொரு அம்பும் குறுக்கே போவதைப் பார்க்கலாம். நேராகப் போகிற அம்பு ஏதாவது இருந்தால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.